விலைக்குக் கிடைக்காத மீன்

டுராங்கி, நியூசிலாந்து
ஜூலை 14

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நல்ல சுகம். அங்கே குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும். இங்கே எல்லாம் தலைகீழ், ஜூலைதான் நடுக்குளிர். காலையில் சமையல்கட்டுக் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது.

"ஆத்தோரத்துல இருக்கியே, என்ன மீனுலே கிடைக்கு?" என்று போனில் கேட்டீர்கள். அது போனில் சொல்லி மாளாது.

இங்கே ட்ரவுட்தான். அதிலும் ரெயின்போ ட்ரவுட். 1883-ல் கலிபோர்னியாவிலிருந்து கப்பலில் முட்டையாக வந்து இறங்கிய மீன். செதில் அவ்வளவு பொடி, நான் உரசுவதே இல்லை. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, பக்கவாட்டில் ரோஸ் கலரில் ஒரு பட்டை. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் முள்ளே இல்லாத குட்டிச் சதைத் துடுப்பு ஒன்று. கெளுத்தி முதுகில் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி.

இதற்குக் குளிர்ந்த தண்ணீர்தான் உயிர். 10 முதல் 15 டிகிரி என்றால் குஷி, 25-ஐத் தாண்டினால் தாங்காது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். விரால் என்றால் சேற்றுக் குட்டையிலும் தலையை நீட்டிக் காற்றை இழுத்துச் சமாளிக்கும். இதற்கு அந்த வித்தை தெரியாது. சித்திரையில் சேரன்மகாதேவிப் பாலத்தடியில் விட்டால் சாயங்காலம் மிதக்கும். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரன் விட்டது பிழைத்ததற்கு அந்த மலைக் குளிர்தான் காரணம்.

இப்போது முட்டையிடும் காலம். பக்கத்து ஏரியில் தின்று கொழுத்தவை எங்கள் ஊர் டோங்காரிரோ ஆற்றில் ஏறுகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓடைக்கரையில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் தண்ணீர். ஒரு பெட்டை ஒருக்களித்துப் படுத்து வாலால் கூழாங்கல்லை அடித்து அடித்துக் குழி பறித்தது. குழி ஆனதும் ஆண் வந்து ஒட்டி நின்றது. இரண்டும் வாயைப் பிளந்தபடி நடுங்கின, அவ்வளவுதான், முட்டை குழிக்குள் விழுந்தது. அப்புறம் பெட்டை நீரோட்டத்தை எதிர்த்துக் கொஞ்சம் மேலே போய் மறுபடி வாலை அடிக்க, அந்தக் கல் உருண்டு வந்து முட்டையை மூடியது. கல் இடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டல் அடைத்தால் முட்டை செத்துப்போகும். 10 டிகிரித் தண்ணீரில் பொரிக்க ஒரு மாதம் ஆகும். குஞ்சும் உடனே வெளியே வராது. வயிற்றில் தொங்கும் மஞ்சள்கரு தீரும்வரை கல்லடியிலேயே கிடக்கும்.

சரி, உங்களுக்கு ஆச்சரியமான விஷயம் இனிமேல்தான். இந்த மீனை இந்த நாட்டில் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. பண்ணை வைத்து வளர்க்கவும் கூடாது. லைசென்ஸ் எடுத்து நீங்களே பிடித்தால்தான் உண்டு. இந்த ஆற்றில் மண்புழுவும் கோக்க முடியாது. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து வீச வேண்டும். பிடித்தவர் நான் வேலை பார்க்கும் மோட்டலுக்குக் கொண்டுவந்தால் நான் சமைத்துக் கொடுக்கலாம். சமையலுக்குத்தான் காசு, மீனுக்கு இல்லை. பாபநாசத்தில் படித்துறையில் பொரிக்கு மொய்க்கும் மீனை யாரும் தொட மாட்டோம் இல்லையா? அங்கே சாமிக்குப் பயம், இங்கே சட்டத்துக்கு. மீனுக்கு விலை வந்துவிட்டால் ராத்திரியில் ஆற்றைத் துடைத்துவிடுவார்கள். ஆற்றில் வெடித் தோட்டா போட்டு மீன் பிடித்தவர்களைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முந்தாநாள் தங்க வந்த ஒரு பெரியவர் பாதி மீனை எனக்கே கொடுத்துவிட்டார். அறுத்தால் சதை ஆரஞ்சுச் சுளை நிறம். தின்னும் இரையால் வரும் நிறமாம். அம்மா மாதிரி தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தேன். ஒரு கொதிக்கே உடைந்து கரைந்துவிட்டது, மாமா. புளியும் ஒட்டவில்லை. அடுத்த தடவை தோலோடு தோசைக்கல்லில் வறுக்கலாம் என்றிருக்கிறேன். அத்தை வறுவலுக்கு மிளகாயோடு வேறு என்ன சேர்ப்பாள் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்