கேட்டுக்கு அந்தப் பக்கம்

சிவகாசி,
புரட்டாசி 14

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் போட்டதிலிருந்து காலண்டர் ஆர்டர் நிற்காமல் வருகிறது. என் அச்சகத்தில் இரண்டு மெஷினும் ராத்திரி பத்து மணி வரை ஓடுகின்றன. ஆனால் பதில் தாமதமானதற்கு வேலை மட்டும் காரணமில்லை. கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்த ஒரு வரி என்னை விடவில்லை.

மாப்பிள்ளை உன்னை அமெரிக்காவில், சார்லட் ஊரில் கூடைப்பந்து ஆட்டத்துக்குக் கூட்டிப்போனதைப் படித்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டேன். மே மாத வெயிலில் பஸ் ஏறிப் பெரியகுளம் போய், உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வருவோமே, அந்த நீயா அங்கே கூரைக்குக் கீழே மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாய் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அணிக்குப் பதின்மூன்று வருஷம் நம் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான்தான் முதலாளி என்று மாப்பிள்ளை சொன்னாராம். 1998இல் ஜோர்டான் ஒரு முதலாளியிடம் சொன்னதைக் கேட்டதும் உனக்கு என் ஞாபகம் வந்ததாம். "கணேசா, ஸ்டிரைக்கில் நம் அச்சகக் கேட்டில் நின்று நீ சொன்ன அதே வார்த்தை" என்று எழுதியிருந்தாய்.

அதற்கப்புறம் இத்தனை நாளும் பேரனின் போனில் அந்தக் கதையைத்தான் தேடித் தேடிப் படித்தேன்.

1998 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை உன் வீட்டுக் கேபிள் டிவியில் சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டம் பார்த்தோம், நினைவிருக்கிறதா? ஜோர்டானின் சிகாகோ அணி எடுத்த 87 புள்ளியில் 45 அவர் எடுத்தது. ஐந்து விநாடி மிச்சமிருக்கும்போது அவர் போட்ட பந்தில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் ஷிஃப்டுக்குத் தாமதமாகப் போய் அரை நாள் கூலியை இழந்தோம். அந்த ஆட்டம் முடிந்து இரண்டே வாரத்தில், ஜூலை முதல் தேதி, புது ஒப்பந்தம் ஆகும் வரை வீரர்கள் ஆட வேண்டாம் என்று அணி முதலாளிகள் கதவடைப்பு அறிவித்துவிட்டார்கள். நமக்கு அப்போது அது தெரியாது.

சண்டை எதற்கு என்றால், தனி வீரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்பதற்கு. காரணமே பெரும்பாலும் ஜோர்டான் மாதிரி ஆட்கள்தான். அந்தப் பருவத்தில் ஒரு அணி முழுவதற்கும் வைத்திருந்த சம்பள வரம்பு 2 கோடியே 69 லட்சம் டாலர். ஜோர்டான் ஒருவருக்கே 3 கோடியே 30 லட்சத்துக்கு மேல். அந்த வருஷக் கடைசியில் நடந்த பேச்சுவார்த்தைக்கு அவரும் போயிருக்கிறார். வாஷிங்டன் அணியின் முதலாளி ஏப் போலின், அணி நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, லாபத்தில் நடத்த முடியவில்லை என்றால் அணியை விற்றுவிடுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் ஜோர்டான். அவருக்கு அதில் தனியாக ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்பதைக் கவனி. சம்பாதித்து முடித்தவர். சில மாதத்தில் ஓய்வையும் அறிவித்துவிட்டார். பின்னால் வருகிறவர்களுக்காகத்தான் பேசினார். கடைசியில் வரம்பு வந்துவிட்டது. அவர் வாங்கின சம்பளத்தை இன்னொரு வீரர் தாண்டுவதற்குக் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆனது.

அதற்கடுத்து நடந்ததைப் படித்தபோது போனைக் கீழே வைத்துவிட்டேன். 2000 ஜனவரியில் அதே போலினின் அணியில் ஜோர்டான் பங்குதாரராகச் சேர்ந்திருக்கிறார். திரும்ப ஆட ஆசை வந்ததும், ஆடுகிறவர் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தக் கூடைப்பந்து லீகின் விதி என்பதால், பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு இரண்டு பருவம் ஆடினார். ஆடி முடித்துப் பழையபடி நிர்வாகத்துக்குத் திரும்பலாம் என்று 2003 மே மாதம் போனவரைப் போலின் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பங்காளியாக இருந்தாலும் நாற்காலி யாருடையது என்பதை அவர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருப்பார் என்று எனக்குப் படுகிறது.

2010 மார்ச்சில் சுமார் 27.5 கோடி டாலருக்குச் சார்லட் அணியின் பெரும்பங்கு அவர் கைக்கு வந்தது. அடுத்த வருஷமே, 2011 ஜூலை முதல் தேதி, மறுபடியும் கதவடைப்பு. முப்பது அணிகளில் இருபத்திரண்டு நஷ்டத்தில் ஓடுகின்றன, மொத்த நஷ்டம் வருஷத்துக்கு 30 கோடி டாலர் என்றது லீக். வீரர்கள் சங்கம் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. அதுவரை கூடைப்பந்து வருமானத்தில் நூற்றுக்கு 57 வீரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை ஐம்பதுக்கு மேல் விடவே கூடாது என்று பத்துப் பன்னிரண்டு முதலாளிகள் விடாப்பிடியாக நின்றார்கள், அதில் முன்னால் நின்றவர் ஜோர்டான் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் பெயர் போட்ட ஷூவை இனிமேல் போட மாட்டோம் என்று சில இளம் வீரர்கள் ட்விட்டரில் எழுதினார்கள். சின்ன ஊர் அணிகளுக்கு வருமானத்தில் பங்கு வேண்டும் என்று ஒரு ஆஸ்திரேலியப் பத்திரிகையிடம் பேசும்போது ஒரு வீரரின் பெயரைச் சொல்லிவிட்டதற்காக, லீக் அவருக்கு 1 லட்சம் டாலர் அபராதமும் போட்டது. 161 நாள் கழித்துக் கதவு திறந்தது. வீரர்களின் பங்கு 49க்கும் 51க்கும் நடுவில் வந்து நின்றது. 82 ஆட்டம் ஆட வேண்டிய பருவத்தில் 66 ஆட்டம். அதில் ஜோர்டானின் அணி ஜெயித்தது ஏழு. தோற்றது 59.

ஜோர்டான் கட்சி மாறிவிட்டார் என்று எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை, செல்வராஜ். பெரிய ஊர் அணிக்கு டிவி ஒப்பந்தத்திலேயே கொட்டுகிற பணம் சார்லட் மாதிரி ஊருக்கு வராது. அது உண்மைதான். முதலாளியாக உட்கார்ந்தவன் முதலாளியின் கணக்கைப் பார்ப்பான். என்னை உறுத்துவது வேறு. 1998இல் தான் சொன்னதற்கு 2011இல் அவர் பதில் சொல்லியிருக்க வேண்டும். "அன்றைக்கு நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து இப்படிச் சொன்னேன், இன்றைக்கு இந்தப் பக்கம் இந்தக் கணக்கு நோட்டைப் பார்க்கிறேன், நீங்களும் பாருங்கள்" என்று சொல்ல அந்த மேசையில் அவரைவிடத் தகுதியான ஆள் யார்? அந்த வாய்ப்பை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் சொல்கிறேன். 27.5 கோடிக்கு வாங்கிய அணியின் பெரும்பங்கை 2023இல் விற்றபோது, அணியின் மதிப்பை 300 கோடி டாலர் என்று போட்டார்கள். வருஷக் கணக்கில் நஷ்டம் என்று எழுதியிருந்தது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அந்த நோட்டில் எழுதாத கணக்கு ஒன்று ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்கு அதை யாரும் காட்டுவதில்லை.

அவரைப் பற்றி நல்லதும் எழுத வேண்டும். 2020 ஆகஸ்டில், ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் சுட்டதைக் கண்டித்து மில்வாக்கி அணி ஆட மறுத்தது. பருவமே நின்றுவிடும் போலிருந்தபோது வீரர்களிடமும் முதலாளிகளிடமும் மாறி மாறிப் பேசியவர் ஜோர்டான். இப்போது நாம் பேசுவதைவிடக் கேட்பது முக்கியம் என்று சக முதலாளிகளிடம் அவர் சொன்னதாகச் செய்தி வந்தது. படித்ததும் மனசுக்கு இதமாக இருந்தது.

தேடிக்கொண்டு போனதில் என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானவர் ஒருவர் கிடைத்தார். மரியோ லெமியூ. ஐஸ் ஹாக்கி, பிட்ஸ்பர்க் அணி. அந்த அணி 1998இல் திவாலானது. அவருக்கு அவர்கள் தர வேண்டிய பழைய சம்பள பாக்கி மட்டும் 3.25 கோடி டாலர். அதில் 2 கோடியைப் பங்காக மாற்றிக்கொண்டு, 1999இல் அணியையே கையில் எடுத்தார். சம்பள பாக்கிக்காக முதலாளி ஆனவர்! நாம் வேலை பார்த்த அச்சகத்தை மூடினபோது, வர வேண்டிய பணத்துக்குப் பதிலாக அந்தப் பழைய ஆஃப்செட் மெஷினை நான் எடுத்துக்கொண்டு வந்ததும், வண்டியிலிருந்து அதை இறக்க நீ தோள் கொடுத்ததும்தான் உடனே கண்ணுக்கு முன்னால் வந்தது.

லெமியூ அதோடு நிற்கவில்லை. 2000 டிசம்பரில் திரும்ப ஆடவும் வந்துவிட்டார். ஹாக்கியில் அதற்கு இடம் கொடுத்தார்கள். முதலாளியும் அவர், சம்பளம் வாங்கும் வீரரும் அவர். இந்த நிலையில் 2004 செப்டம்பரில் கதவடைப்பு வந்தது. அடுத்த பிப்ரவரியில் பருவம் முழுவதையும் ரத்து செய்துவிட்டார்கள். அந்த நாட்டில் பெரிய லீக் ஒன்றின் பருவம் சம்பளத் தகராறில் முழுசாகப் போனது அதுதான் முதல் தடவை. ரத்து என்று அறிவித்த பிறகும், கடைசி முயற்சியாக ஒரு பேச்சுவார்த்தைக்கு அவரையும் வேய்ன் கிரெட்ஸ்கியையும் நியூயார்க்குக்கு அழைத்திருக்கிறார்கள். கிரெட்ஸ்கி அப்போது ஃபீனிக்ஸ் அணியில் பங்குதாரர். 1994 கதவடைப்பின்போது வேலையில்லாமல் நின்ற வீரர்களைச் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவில் ஆடப் போனவர் அவர். இரண்டு பேரும் போயும் காரியம் நடக்கவில்லை. ஜூலையில் உடன்பாடு வந்தபோது, ஒவ்வொரு வீரருடைய ஒப்பந்தத்திலும் நூற்றுக்கு 24 வெட்டு. அணிக்கு 3.9 கோடி டாலர் உச்சவரம்பு. லெமியூவின் அணி பிழைத்தது அந்த வரம்பினால்தான் என்று பலர் சொல்கிறார்கள். சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு வருஷச் சம்பளத்தையும் இழந்து, அப்புறம் கால்வாசியையும் இழந்த சாதாரண வீரர்கள், தங்களோடு ஒரே அறையில் ஷூ மாட்டிக்கொண்டு நின்ற முதலாளியை எப்படிப் பார்த்திருப்பார்கள்? அவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? அதை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இது நேற்று இன்று வந்ததும் இல்லை. 1890இல் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் முதலாளிகளை விட்டு வெளியேறித் தங்களுக்கென்று தனி லீகே நடத்தியிருக்கிறார்கள். அணி விடாமல் வீரர் வேறு இடத்துக்குப் போகவே முடியாது என்ற விதியை எதிர்த்துத்தான். ஒரே வருஷத்தில் அது படுத்துவிட்டது. அவர்களை ஒடுக்க முன்னால் நின்ற ஆல்பர்ட் ஸ்பால்டிங், ஒரு காலத்தில் பெயர் பெற்ற பந்து வீச்சாளர். வீரர்களோடு வெளியேறிச் சிகாகோவில் அவர்கள் அணியை நடத்திய சார்லஸ் கோமிஸ்கி, பத்து வருஷத்தில் தானே முதலாளி. 1919இல் பணம் வாங்கிக்கொண்டு தோற்றார்கள் என்று எட்டுப் பேர் மேல் குற்றச்சாட்டு எழுந்ததே, அது அவருடைய அணிதான். கஞ்சன் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. மற்ற அணிகளோடு ஒப்பிட்டால் அவர் கொடுத்த சம்பளம் குறைவில்லை என்று பின்னால் கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் பெயர் போகவில்லை.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனஸ் பேச்சு வந்தது. என்னிடம் இப்போது பதினோரு பேர்.  வருஷா வருஷம் 8.33 சதவீதம் கொடுத்து வருகிறேன். இந்த வருஷம் பதினைந்து கேட்கிறார்கள். பேப்பர் விலை, கரண்டு பில், வர வேண்டிய பாக்கி என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். மாரிமுத்துவின் மகன் என்னிடம்தான் மெஷின் ஓட்டுகிறான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்களும் எங்கப்பாவும் கேட்டில் நின்னப்ப எத்தனை சதவீதம் கேட்டீங்க அண்ணாச்சி?" என்றான். குரலில் மரியாதைக் குறைவு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

இருபது கேட்டோம் என்று சொன்னேன். பதினேழு நாள் நின்றோம். நோட்டைக் காட்டுங்கள் என்று நீ கேட்டாய், முதலாளி காட்டவில்லை. நஷ்டம் நஷ்டம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். "நடத்த முடியலைன்னா வித்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்று நான் கத்தினேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார். அந்த முகம் இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. அவர் அன்றைக்குச் சொன்னது பொய்யாக இருக்காது என்று இன்றைக்கு நினைக்கிறேன். நாம் கேட்டதும் தப்பில்லை என்றும் நினைக்கிறேன்.

என் நோட்டில் இந்த வருஷம் கொஞ்சம் நஷ்டம்தான் காட்டுகிறது. ஆனால் ஷெட் நிற்கிற இடத்தை நான் வாங்கின விலைக்கு இன்றைக்கு அதில் ஒரு மூலைகூடக் கிடைக்காது. அது எந்த நோட்டிலும் இல்லை. மெஷின் ஓடியதால்தான் அந்த இடத்தை விற்காமல் வைத்திருக்க முடிந்தது. மெஷினை ஓட்டியது அவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன். வரவு செலவு நோட்டு, வங்கிக் கடன் தாள், இடத்தின் பத்திரம் மூன்றையும் மேசையில் வைக்கப் போகிறேன். பத்திரம் எதற்கு என்று சரசுவதி பயப்படுகிறாள். பதினைந்து என்னால் முடியாது. பன்னிரண்டு முடியும் என்று தோன்றுகிறது. அவர்கள் நோட்டைப் பார்த்துவிட்டு வேறு சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை மறந்துவிடாதே. மாரிமுத்து உன்னைக் கேட்டான், ஞாயிற்றுக்கிழமை அவனும் மகனோடு வருகிறேன் என்றிருக்கிறான். என்ன நடந்தது என்று திங்கட்கிழமையே எழுதுகிறேன். தைக்கு வரும்போது அந்த ஆட்டத்தின் டிக்கெட்டைப் பத்திரமாகக் கொண்டு வா, ஷெட்டில் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைக்க வேண்டும்.

அன்புடன்,
கணேசன்