குண்டு கோட்டைத் தாண்டியதா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. மேசையில் காகிதம் விரிக்க இடமில்லை. முழு மேசையையும் ஒரு பழைய ஆர்கேட் போர்டு, அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டியின் மின்சுற்றுப் பலகை, பிடித்துக்கொண்டிருந்தது. நேற்றிரவுதான் அது எழுந்து நடந்தது.

முதலில் ஒரு வேண்டுகோள். பீரங்கியால் வேற்றுக்கிரகவாசிகளைச் சுடும் உன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தின் திரை முழுவதும் படுக்கைக் கோடுகள் தெரிவதாகவும், அதற்காக 16 மெமரி ஐ.சி. (சில்லு) வாங்கிவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். இதைப் படித்து முடிக்கும்வரை சாலிடரிங் அயர்னைத் தொடாதே. காரணம், அதே முட்டாள்தனத்தை நான் இப்போதுதான் செய்து முடித்திருக்கிறேன்.

என்னுடையது 1980களின் தொடக்கத்தில் வந்த போர்டு. திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த உருவம் என்ற எண்ணை மட்டும் மெமரியில் வைத்துக்கொள்ளும் வகை. ஓடுகிற பாத்திரங்கள் ஒழுங்காக வந்தன, ஒலி வந்தது, ஆட்டமும் நடந்தது. எழுத்துகளும் பின்னணியும் மட்டும் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. நம் எழுத்திலேயே சொன்னால் எளிதாக விளங்கும்: 'க ங ச ஞ ட ண' என்று வரவேண்டிய இடத்தில் 'ங ங ஞ ஞ ண ண' என்று வந்தது.

இதைப் பார்த்தவுடனேயே பாதி நோய் தெரிந்துவிடும். 0, 1, 2, 3 என்று வரிசையாகக் கட்டங்களைக் கேட்கவேண்டிய போர்டு 1, 1, 3, 3 என்று கேட்கிறது. அதாவது கட்டத்தின் எண்ணை 0, 1 என்ற இலக்கங்களில் மட்டும் எழுதிய முகவரியில், கடைசி இலக்கம் (பிட்) 1 என்ற நிலையிலேயே உறைந்துவிட்டது. 0 என்று உறைந்திருந்தால் 'க க ச ச' என்று வந்திருக்கும். அதற்கு முந்தைய பிட் உறைந்திருந்தால் 'ச ஞ ச ஞ' என்று ஜோடி ஜோடியாகத் திரும்ப வந்திருக்கும். திரையே வாக்குமூலம் கொடுத்துவிட்டது.

கேட்டுக்கொண்டு நான் என்ன செய்தேன்? மெமரியின் முகவரிக் கால் உள்ளே செத்திருக்கும் என்று தீர்ப்பு எழுதி, இரண்டு 2114 மெமரி ஐ.சி.களையும் கழற்றினேன். இரண்டும் ஒரே காலில், ஒரே நேரத்தில் எப்படிச் சாகும் என்று தோன்றவே இல்லை. ஒன்றுக்கு 18 கால், முதல் ஐ.சி. சமர்த்தாக வந்தது. இரண்டாவதில் ஒரு கால் மட்டும், அடியிலிருந்த செம்பு வளையத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. நாற்பது வருடம் உழைத்த போர்டுக்கு என் கையால் ஊனம். புது ஐ.சி. பொருத்தி இயக்கினால் அதே 'ங ங ஞ ஞ'.

இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான், அந்த மெமரிக்கு எஜமானர்கள் இருவர் என்பது உறைத்தது. ஒருவர் ஆட்டத்தை நடத்தும் பிராசசர், எழுதுவார், வேண்டும்போது படிப்பார். மற்றவர் படத்தை வரையும் கவுண்ட்டர்; படிப்பது மட்டுமே வேலை. இருவர் கேட்கும் முகவரிகளில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் வாயிற்காவலன்தான் 74எல்எஸ்157 என்ற மல்டிப்ளெக்சர். இயக்கியவுடன் என் போர்டு மெமரியின் ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு எண்ணை எழுதி, பிறகு திரும்பப் படித்துச் சரிபார்க்கிறது. ஒவ்வொரு முறையும் அதில் தேறியது. (எல்லா இடத்திலும் ஒரே எண்ணை எழுதிப் பார்க்கும் சோம்பேறிச் சோதனை என்றால் அதை நம்ப முடியாது.) முகவரி பிட் மெமரிக்கே போய்ச் சேரவில்லை என்றால், முதல் கட்டத்தில் எழுதியதை அடுத்த கட்டத்துக்கு எழுதியது அழித்திருக்கும், சோதனை தோற்றிருக்கும். தோற்கவில்லை. ஆக, என் கண்ணுக்குத் தெரியும் பிழை பிராசசரின் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் அது கவுண்ட்டரிலிருந்து காவலன்வரையுள்ள பாதையில்தான் இருக்கவேண்டும்; மெமரிக்கு அதில் சம்பந்தமே இல்லை.

ஏன் 1 என்று உறைந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. இந்த டிடிஎல் வகை ஐ.சி.களில் எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கும் உள்ளீட்டை ஐ.சி. 1 என்றே எடுத்துக்கொள்ளும். போர்டில் எங்கோ செம்புத் தடம் அறுந்திருக்கிறது! உடனே எழுந்து விளக்கைப் போட்டேன். 0, 1 நிலைகளை விளக்கெரித்துக் காட்டும் லாஜிக் புரோபைக் கவுண்ட்டரின் காலில் வைத்தால் துடிப்பு இருந்தது. 157இன் 3ஆவது காலில் வைத்தால் சிவப்பும் எரியவில்லை, பச்சையும் எரியவில்லை. 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 0, 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் 1. இரண்டுக்கும் நடுவில் நின்றால் புரோப் வாயைத் திறக்காது. அந்த மௌனம்தான் அறுந்த தடத்தின் அடையாளம். பூதக்கண்ணாடியோடு தடத்தைப் பின்தொடர்ந்தேன். ஒரு திருகுத் துளையின் ஓரத்தில், யாரோ எப்போதோ திருப்புளியை வழுக்கவிட்ட கீறல். அதன் குறுக்கே செம்பு மயிரிழை அளவு வெட்டுப்பட்டிருந்தது. ஒரு துண்டு மெல்லிய கம்பி, இரண்டு சொட்டு ஈயம். 'க ங ச ஞ' என்று திரை சொன்னபோது மணி இரண்டரை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இப்போது உன் வழக்குக்கு வருகிறேன். உன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978இல் வந்தது; கட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. 256க்கு 224 புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு பிட், மொத்தம் 7,168 பைட் (எட்டு பிட் ஒரு பைட்). திரைக்குழாயைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருப்பதால் ஒரு பைட்டின் எட்டு பிட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். ஆகவே எட்டுப் புள்ளிக்கு ஒரு படுக்கைக் கோடு ஒளிர்கிறது என்றால், பைட்டில் ஒரு பிட் எப்போதும் 1. அதுவரை நீ பிடித்தது சரி. ஆனால் அந்தப் போர்டில் உள்ள 16 ஐ.சி.யும் தலா 4,096 பிட். பைட்டின் ஒரு பிட்டுக்கு இரண்டே இரண்டு ஐ.சி. மீதி 14 என்ன குற்றம் செய்தன? அந்த இரண்டும்கூட ஒரே நாளில் ஒன்றாகச் செத்தால்தான் நீ சொல்வதுபோலத் திரை முழுவதும் கோடு வரும். என் 2114 கதை நினைவிருக்கட்டும்.

இன்னும் பலமான சாட்சி உன் கடிதத்திலேயே இருக்கிறது. "அத்தனை கோட்டுக்கு நடுவிலும் 1,240 எடுத்தேன்" என்று மார்தட்டியிருக்கிறாயே, அதைத்தான் சொல்கிறேன். அந்த ஆட்டம் குண்டை வரையும்போது, வரையும் இடத்தில் ஏற்கெனவே ஒளிரும் புள்ளி இருக்கிறதா என்று திரை மெமரியைப் படித்துப் பார்க்கும். இருந்தால் எதன்மீதோ மோதிவிட்டது என்று கொள்ளும். கோடு மெமரியில் உண்மையிலேயே இருந்திருந்தால், உன் ஒவ்வொரு குண்டும் பீரங்கிக்குச் சற்று மேலே முதல் கோட்டிலேயே வெடித்திருக்கும். 1,240 என்ன, 10கூட எடுத்திருக்க மாட்டாய். உன் குண்டுகள் கோட்டை மதிக்காமல் மேலே போயிருக்கின்றன. பிராசசரைப் பொறுத்தவரை அங்கே கோடே இல்லை.

ஆகவே மெமரியை விட்டுவிடு. அது வெளியே தரும் எட்டு பிட்டையும் வாங்கி, ஒவ்வொரு புள்ளியாகத் திரைக்கு அனுப்பும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஒன்று இருக்கும். அதன் எட்டு உள்ளீட்டுக் கால்களிலும் புரோபை வைத்துப் பார். ஏழு துடிக்கும், ஒன்று 1 என்று உறைந்திருக்கலாம், அல்லது வாயைத் திறக்காமல் இருக்கலாம். எட்டுமே துடித்தால் ரெஜிஸ்டர்மீதே சந்தேகப்படு.

மின்சாரத்தையும் ஒருமுறை அளந்துவிடு; பவர் சப்ளையில் இல்லை, ஐ.சி.யின் காலிலேயே. 5 வோல்ட் 4.75க்குக் கீழே போகக்கூடாது. திரைக்குழாய்ப் பக்கம் மட்டும் கையை நீட்டாதே. அணைத்த பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் ஞாயிறு மதியத்து அவசரம் எனக்குத் தெரியும்.

கண்ணாடியின் பவர் மறுபடி கூடிவிட்டது. கை இன்னும் நடுங்கவில்லை. என்ன கண்டாய் என்று உடனே எழுது.

உன்
பழைய கூட்டாளி

பி.கு.: கழற்றிய இரண்டு 2114களையும் இன்று காலை வேறொரு போர்டில் பொருத்திப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.