அவள் கேட்டாளா?

கண்ணு,

நீ விட்டுப்போன புத்தகங்களில் ஒன்றை நான் சுவரில் விட்டெறிந்ததை அப்பா உன்னிடம் போனில் சொல்லிவிட்டாராம். உண்மைதான், அட்டை பிய்ந்துவிட்டது, ஒட்டி வைத்திருக்கிறேன், வந்து திட்டாதே.

புதுமைப்பித்தனுடைய 'சாப விமோசனம்'தான் அந்தக் கதை. 1943இல் எழுதியதாம். ராமன் பாதத் தூசி பட்டு அகலிகை எழுந்திருப்பது வரை நமக்குத் தெரிந்ததுதானே என்று அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுப் படித்துக்கொண்டே போனேன். அப்புறம் போர் முடிந்து சீதை அகலிகையைப் பார்க்க வருகிறாள், தீக்குளித்ததைச் சொல்கிறாள், ராமன் கேட்டானா என்று அகலிகை கேட்கிறாள், கேட்டார் செய்தேன் என்கிறாள் சீதை. அவ்வளவுதான், அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். தலைப்பில் விமோசனம், முடிவில் கல்! பருப்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை எனக்கு. ராமனை இப்படி எழுத இவனுக்கு யார் உரிமை கொடுத்தது என்றுதான் வீசினேன்.

போன மாதம் அரூரிலிருந்து பஸ் ஏறித் தீர்த்தமலை போனேன். மூட்டுவலியோடு படியேறி, பாறையிலிருந்து விழுகிற ராம தீர்த்தத்தில் தலையைக் கொடுத்து நின்றபோதுதான் அது உறைத்தது. ராவணனைக் கொன்று திரும்பி வரும் வழியில், சிவபூசைக்கு நீர் வேண்டும் என்று ராமன் அம்பு விட்டு வரவழைத்த தண்ணீர் அது என்பார்கள். திரும்பி வரும் வழி என்றால் சீதையும் கூடத்தானே இருந்திருப்பாள்? தீயில் இறங்கி எழுந்து எத்தனை நாள் ஆகியிருக்கும் அவளுக்கு? கல்யாணமான வருஷத்திலிருந்து அந்தத் தண்ணீரில் நனைகிறேன், பக்கத்தில் நின்றவளை ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

சாமியைக் கேள்வி கேட்பது நமக்கொன்றும் புதிதில்லை, அதுவும் யோசித்தேன். நம் ஊர் பாரதக் கூத்தில் கட்டியக்காரன் கிருஷ்ணனையே கிண்டல் பண்ணுவான், துகிலுரிதல் அன்று பாஞ்சாலி சபையில் கேட்கிற கேள்விக்கு ஒரு பெரிய மனுஷனும் பதில் சொல்லமாட்டான், நாமெல்லாம் விடிய விடிய அழுதுவிட்டு அந்த வேஷக்காரருக்கே கற்பூரம் காட்டுவோம். ஆனால் ஒன்று, கூத்தில் கடைசியில் புடவையாவது வந்துவிடும். இந்தப் புதுமைப்பித்தன் அகலிகைக்கு யாரையும் அனுப்பவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை போல.

உங்கப்பாவுக்கு இதெல்லாம் கிடையாது. அதே புத்தகத்தில், கடவுள் மெட்ராஸுக்கு வந்து கந்தசாமிப் பிள்ளையோடு ஓட்டலில் காப்பி குடித்து அவர் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிற கதையைப் படித்துவிட்டு மூன்று நாள் சிரித்துக்கொண்டிருந்தார். கதைதானே விடு என்கிறார். கதை என்பதால்தான் விட முடியவில்லை. மேடையில் நாத்திகம் பேசினால் எழுந்து வந்துவிடுவேன். அகலிகை கேட்டதற்கு எங்கே எழுந்து போவது?

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உனக்கு ஆறு வயதில் காய்ச்சல் விடாமல் அடித்ததே, அப்போது திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு அக்கினி வசந்தத் திருவிழாவில் தீ மிதித்தேன். காலில் கொப்புளம்கூட இல்லை, அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அம்மன் கேட்டாள், கொடுத்தேன், பிள்ளையை விட்டுவிட்டாள், இதுதான் இத்தனை வருஷமும் என் கணக்கு. அவள் கேட்டாளா? யார் வந்து என்னிடம் கேட்டது? ஒரு பிள்ளையின் காய்ச்சலை வைத்துக்கொண்டு தாயைத் தீயில் இறங்கச் சொல்கிறவளாக அவளை நானேதான் ஆக்கி வைத்திருந்தேனோ என்று ராத்திரியில் விழித்துக்கொள்கிறேன். அதற்காக விளக்கேற்றாமல் இருக்க முடிகிறதா, அதுவும் இல்லை. முன்னெல்லாம் ஏற்றிவிட்டு எதையாவது கேட்பேன். இப்போது கேட்க வாய் வருவதில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இந்த வருஷமும் காப்புக் கட்டிக்கொள்கிறாயா என்று பூசாரி கேட்டனுப்பினார். இன்னும் பதில் சொல்லவில்லை. திருவிழாவுக்கு உனக்கு லீவு கிடைக்குமா? வரும்போது புதுமைப்பித்தன் எழுதியது வேறு ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வா. வீசமாட்டேன்.

அம்மா