தாத்தாவின் நடுக்கமும் பேரனின் பேச்சுத் தாமதமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரம்பரை நரம்பியல் நோய்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மூளை நரம்புச் செல்கள் சிதைந்து உடல் அசைவும் நினைவும் கெடும் ஹண்டிங்டன் நோயைப் பற்றிய பகுதி மிகுந்த பொறுப்போடு எழுதப்பட்டிருந்தது. ஒரு மரபணுவில் ‘சிஏஜி’ என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகளின் தொடர் 40 முறையோ அதற்குச் சற்று மேலோ அடுக்கி வந்தால் நோய் பெரும்பாலும் நடுத்தர வயதில் தலைகாட்டும், 60-ஐத் தாண்டினால் 20 வயதுக்குள்ளேயே வந்துவிடக்கூடும் என்ற விளக்கம், நோய் தொடங்கும் வயது தற்செயலாக அமைவதன்று என்பதை நன்கு புரியவைத்தது. ஆனால் கட்டுரையைப் படித்து முடிப்பவர், பரம்பரை நோய் என்றால் அது தலைமுறைதோறும் அதே நோயாகத்தான் வரும், வயது மட்டுமே முன்பின்னாக மாறும் என்று எண்ணிக்கொள்ள இடமிருக்கிறது. வயது மாறும்போது நோயின் உருவமே வேறாகிவிடும் குடும்பங்களும் உண்டு. அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பள்ளியில் பணியாற்றுபவள் என்ற முறையில், அத்தகைய ஒன்றைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அதன் பெயர் ஃப்ரஜைல் எக்ஸ். எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்றொரு மரபணு இருக்கிறது. அதன் தொடக்கப் பகுதியில் ‘சிஜிஜி’ என்ற மூன்றெழுத்துத் தொடர் நம்மில் பெரும்பாலோருக்கு 45 முறைக்கும் குறைவாகவே அடுக்கி வரும். அது 200-ஐத் தாண்டினால் மரபணு செயலிழந்து, மூளை நரம்புகளின் இணைப்புகள் சரிவர அமையத் தேவையான ஒரு புரதம் உருவாகாமல் போகிறது. இந்த மரபணு 1991-இல் கண்டறியப்பட்டது. இந்தக் குறை உள்ள ஆண் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும்; எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டான்; கைகளை உதறுவான்; சிறு ஒலிக்கும் மிரள்வான். இவர்களில் பலர் ஆட்டிசம் என்ற ஒற்றைக் குறிப்போடு மட்டுமே சிறப்புப் பள்ளிகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். பெண் குழந்தைகளுக்கு இன்னொரு எக்ஸ் குரோமோசோம் துணை நிற்பதால் பாதிப்பு பெரும்பாலும் குறைவு.

அடுக்கின் எண்ணிக்கை 55-க்கும் 200-க்கும் இடையில் இருப்பவர்களை, தாங்கள் எந்தத் துன்பமும் படாமல் குறையை அடுத்த தலைமுறைக்குக் கடத்துபவர்கள் என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் தாய்மார்கள்தாம். ஃப்ரஜைல் எக்ஸ் குழந்தைகளை அழைத்து வந்த பெண்கள், தங்கள் தந்தையருக்குக் கை நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, மறதி கூடுகிறது என்று தொடர்ந்து சொன்னதைக் கவனத்தில் எடுத்துக்கொண்ட அமெரிக்க மருத்துவர் ராண்டி ஹாகர்மனும் அவருடைய குழுவினரும், 2001-இல் அது ஒரு தனி நரம்பு நோய் என்று எழுதினார்கள். இந்த இடைநிலை அடுக்கு உள்ள ஆண்களில் 50 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு அது வருகிறது. இதே நிலையில் உள்ள பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே சூல்பை செயல் குன்றி மாதவிடாய் நின்றுவிடுகிறது. பொதுவாக இது நூறு பெண்களில் ஒருவருக்கே நேர்வது.

ஒரே மரபணு ஏன் ஒருவரைப் பிறவியிலும் இன்னொருவரை முதுமையிலும் தாக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடைதான் இதில் என்னை மிகவும் வியக்க வைத்தது. அடுக்கு 200-ஐத் தாண்டியவருக்கு மரபணு வாய்மூடிவிடுகிறது. புரதம் இல்லாத குறை மூளை உருவாகும் காலத்திலேயே தொடங்கிவிடுவதால் அது வளர்ச்சிக் குறைபாடாக வெளிப்படுகிறது. இடைநிலையில் உள்ளவருக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே மரபணு அளவுக்கு மீறி வேலை செய்து, புரதத்திற்கு முந்தைய படியான ஆர்என்ஏவைத் தேவைக்கு மேல் உண்டாக்குகிறது. அந்த மிகுதி நரம்புச் செல்களுக்கு இழைக்கும் தீங்கு பல பத்தாண்டுகள் சேர்ந்த பிறகே வெளியே தெரிகிறது. ஆகவே இவ்விரண்டையும் ஒரே நோயின் கடுமையான வடிவம், மென்மையான வடிவம் என்று பிரிப்பது பொருந்தாது.

இது குடும்பத்தில் இறங்கும் வழியையும் சொல்ல வேண்டும். இடைநிலை அடுக்கு உள்ள தந்தை தம் எக்ஸ் குரோமோசோமை எல்லா மகள்களுக்கும் தருகிறார். மகன்கள் எவருக்கும் தருவதில்லை. அவர் வழியாகச் செல்லும்போது அடுக்கு 200-ஐத் தாண்டுவதில்லை. மகளிடமிருந்து அவள் குழந்தைக்குச் செல்லும்போதுதான் அது நீள்கிறது. அவளுக்கு 100-க்கு மேல் இருந்தால், அந்த எக்ஸைப் பெறும் குழந்தைக்கு ஏறக்குறைய உறுதியாக 200-ஐக் கடந்துவிடும்.

இப்போது நம் மருத்துவமனைகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். தாத்தாவை நரம்பியல் மருத்துவர் பார்க்கிறார். பார்கின்சன் என்றோ வயது மூப்பு என்றோ எழுதுகிறார். மகள் மாதவிடாய் நின்றுபோனதற்காக மகப்பேறு மருத்துவரிடம் செல்கிறாள். பேரன் குழந்தை நல மருத்துவரிடம் இருக்கிறான். மூன்று சீட்டுகளும் ஒரே வீட்டு அலமாரியில் இருந்தும் அவற்றைச் சேர்த்துப் படிப்பவர் இல்லை. குடும்ப வரலாறு என்று நம் ஊரில் கேட்கப்படுவது பெரும்பாலும் “சொந்தத்தில் திருமணமா?” என்ற ஒரே கேள்விதான். முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு போல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தால் மட்டுமே தோன்றும் நோய்களுக்கு அந்தக் கேள்வி மிகவும் அவசியம். ஃப்ரஜைல் எக்ஸுக்கும் சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பில்லை. ‘இல்லை’ என்ற பதிலோடு விசாரணை முடிந்துவிடும்போது, தாய்வழித் தாத்தாவின் நடுக்கம் யாருடைய கண்ணிலும் படாமல் போகிறது.

பெருஞ்செலவு செய்து, மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை எடுத்து, ‘குறை ஏதும் இல்லை’ என்ற முடிவோடு வரும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வழக்கமான எக்ஸோம் பரிசோதனை இத்தகைய நீண்ட அடுக்குகளைக் காட்டாது. ஃப்ரஜைல் எக்ஸுக்கென்றே செய்யப்படும் தனி இரத்தப் பரிசோதனை வேண்டும். காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதமோ ஆட்டிசமோ உள்ள குழந்தைக்கு அதைச் செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேட்கப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.

இந்தக் குறையின் மூலக் காரணத்தைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை என்றால் தெரிந்துகொண்டு என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். அடுத்த கருவைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய தாய்க்கும், குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடலாமா என்று யோசிக்கும் அவளுடைய தங்கைக்கும், பயனளிக்காத பார்கின்சன் மாத்திரைகளைக் கூட்டிக்கொண்டே போகும் தாத்தாவுக்கும் இதனால் பயன் உண்டு. 18 வயது வரையுள்ள குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்பிஎஸ்கே என்ற அரசுத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் வழியாகக் குழந்தைகள் வந்து சேரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்களில், வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதோடு அது எந்த வயதில் தொடங்கியது என்பதையும் மூன்று தலைமுறைக்குக் கேட்டு எழுதினால் போதும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

பரிசோதனை முடிவு கையில் கிடைக்கும் நாளில் மரபணு ஆலோசகர் ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது மிக முக்கியம். ‘தாய்வழி வந்தது’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மருமகளைக் குற்றவாளியாக்கும் வீடுகள் இருக்கின்றன. நலமாக இருக்கும் சிறு பெண் குழந்தைகளையும் உடனே சோதித்துவிட வேண்டும் என்று உறவினர்கள் அவசரப்படுவதுண்டு. நடுத்தர வயதில் வரக்கூடிய ஒன்றை, தாங்களே வளர்ந்து முடிவெடுக்கும்வரை அந்தப் பிள்ளைகள்மீது சுமத்தக் கூடாது என்பதே ஆலோசகர்களின் பொதுவான நிலைப்பாடு. தங்கள் கட்டுரையாளர் அடுத்த பகுதியில் இதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தஞ்சாவூர்.