முத்திரை எங்கே என்று கேட்கிறார்கள்: குறும்படம் எடுக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் மெயில் கிடைத்தது. உன் குறும்படங்களைப் பார்த்த ஒருவர், "ஒண்ணு பேய்ப் படம், ஒண்ணு காமெடி, ஒண்ணு அழுகாச்சி. இதுல நீ எங்கப்பா இருக்க?" என்று கேட்டுவிட்டார், அதிலிருந்து அடுத்த கதையில் கை வைக்கவே ஓடவில்லை என்று எழுதியிருந்தாய். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு முழிக்கிற பிள்ளைகள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ராபர்ட் வைஸ் என்று ஒரு அமெரிக்க இயக்குநர். பெயர் உனக்குச் சட்டென்று பிடிபடாது, படங்கள் பிடிபடும். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' அவர் எடுத்தது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' அவருடையது. பறக்கும் தட்டு வாஷிங்டனில் வந்து இறங்குகிற 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்', பேயைக் கடைசிவரை கண்ணில் காட்டாத 'தி ஹாண்டிங்', குத்துச்சண்டைக்காரனின் ஒரே இரவைச் சொல்லும் 'தி செட்-அப்', திரையரங்குக்கு வந்த முதல் 'ஸ்டார் ட்ரெக்' எல்லாம் அதே ஆள்தான். இவருடைய படங்களில் தனிமுத்திரை என்று ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை என்று ஆண்ட்ரூ சாரிஸ் எழுதினார். அமெரிக்காவில் 'இயக்குநரே படைப்பாளி' என்ற கொள்கையைப் பரப்பிய விமர்சகர் அவர். ஆக, உன்னிடம் கேட்ட கேள்வியை நாலு ஆஸ்கார் வாங்கிய மனிதரிடமும் கேட்டிருக்கிறார்கள்.

சாரிஸ் சொன்னது பாதி சரி என்பது என் கட்சி. கண்ணுக்குத் தெரியவில்லைதான். காதுக்குக் கேட்கிறது.

வைஸ் 1914-இல் இந்தியானா மாநிலத்தின் வின்செஸ்டர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பத்திரிகையாளர் ஆக வேண்டும் என்று கல்லூரியில் சேர்ந்தார். பொருளாதாரப் பெருமந்த காலம், வீட்டில் காசில்லை, படிப்பு பாதியில் நின்றது. அண்ணன் ஹாலிவுட்டில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1933-இல் தம்பியையும் அங்கே இழுத்துப்போட்டார். முதல் வேலை ஃபிலிம் டப்பாக்களைச் சுமந்து அறைக்கு அறை கொண்டுபோய்க் கொடுப்பது. அங்கிருந்து ஒலி எடிட்டிங், இசை எடிட்டிங். அதற்குப் பிறகுதான் படத்தொகுப்பு. காலடி, கதவு, மழை, ரயில் என்று ஒவ்வொரு சத்தமாகப் படத்தோடு பொருத்திப் பழகிவிட்டுத்தான் அந்த மனிதர் ஷாட்டை வெட்டவே கத்தரி எடுத்தார் என்பதை மறந்துவிடாதே.

ஆர்சன் வெல்ஸ் இயக்கிய முதல் படமான 'சிட்டிசன் கேன்' படத்தின் எடிட்டர் அவர். படம் வெளியான 1941-இல் வயது 26. நாயகன் கேனின் முதல் கல்யாணம் கசந்துபோவதைச் சாப்பாட்டு மேசையிலேயே சில நிமிடங்களில் சொல்லி முடிப்பார்களே, அந்தத் தொகுப்பை உன் எடிட்டிங் வகுப்பில் கட்டாயம் காட்டியிருப்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது தொடக்கத்தில் வரும் செய்திப்படம். அது பழைய ஃபிலிம் போலத் தெரிய வேண்டும். வைஸும் அவருடைய உதவியாளர் மார்க் ராப்சனும் துணியில் மணலைக் கொட்டி, அதன் மேல் ஃபிலிமை இழுத்து இழுத்துக் கீறல் போட்டார்கள். அந்த ராப்சனும் பிறகு இயக்குநர் ஆனார்.

அடுத்த வருடமே ஒரு பெரிய பழி. அதே வெல்ஸின் இரண்டாவது படம் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்'. படப்பிடிப்பை முடித்த கையோடு, அரசாங்கம் கேட்டுக்கொண்டது என்று வெல்ஸ் பிரேசிலுக்கு வேறொரு படம் எடுக்கப் போய்விட்டார். வைஸ் படத்தை எடுத்துக்கொண்டு ரியோவுக்குப் போய் அங்கே இருவரும் சேர்ந்து முடிப்பதாக ஏற்பாடு. போர்க்காலம், பயணக் கட்டுப்பாடு, போக முடியவில்லை. தந்தியும் தொலைபேசியும்தான் வழி. 1942 மார்ச்சில் பொமோனா நகரில் முன்னோட்டக் காட்சி போட்டார்கள். அதுவும் ஒரு ஜாலியான இசைப்படம் முடிந்த கையோடு. அழுகிற இடத்தில் அரங்கம் சிரித்தது. ஸ்டூடியோ நடுங்கிப்போய்க் கத்தரியை வைஸ் கையில் கொடுத்தது. 130 நிமிடத்துக்கு மேல் இருந்த படம் 88 நிமிடமாகச் சுருங்கியது. புதிதாகச் சில காட்சிகள் எடுத்து ஒட்டினார்கள். அவற்றில் சிலவற்றை எடுத்ததே வைஸ்தான். வெட்டிய ஃபிலிமைப் பிற்பாடு ஸ்டூடியோ அழித்தேவிட்டது. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தன் பெயரையே படத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்.

வெல்ஸ் கடைசிவரை மன்னிக்கவில்லை. வைஸ் கடைசிவரை தன் தரப்பையே சொன்னார்: படத்தை வெளியிடும் நிலைக்குக் கொண்டுவர எங்களால் ஆனதைச் செய்தோம், இன்றும் அதைப் பெரிய படம் என்றுதானே சொல்கிறீர்கள் என்று. எனக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை. 27 வயதுப் பையனால் ஸ்டூடியோவை எதிர்த்து நின்றிருக்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் முடியவில்லை என்பது வேறு, செய்தது சரி என்பது வேறு. நல்ல தொழில்காரனுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கொடுத்த வேலையைச் சுத்தமாக முடிப்பான், அந்த வேலையைச் செய்யலாமா என்று கேட்கமாட்டான்.

சரி, இயக்கத்துக்கு வருகிறேன். அதே ஆர்.கே.ஓ.வில் குறைந்த செலவில் திகில் படங்கள் தயாரித்துக்கொண்டிருந்தவர் வால் லூட்டன். 'தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தவர் ரொம்ப மெதுவாகப் போகிறார் என்று பாதியில் மாற்றிவிட்டு, எடிட்டராக இருந்த வைஸை இயக்குநராக்கினார். 1945-இல் வந்த 'தி பாடி ஸ்னாட்சர்' படத்தில் ஒரு காட்சி. இரவு. பிச்சைக்காரப் பெண் ஒருத்தி பாடிக்கொண்டே இருட்டான வளைவுக்குள் நடந்து போகிறாள். பின்னாலேயே வண்டிக்காரனாக நடித்த போரிஸ் கார்லாஃபின் குதிரை வண்டி போகிறது. கேமரா அசையாமல் நிற்கிறது. இருட்டுக்குள்ளிருந்து பாட்டு மட்டும் வந்துகொண்டிருக்கிறது. சட்டென்று நின்றுபோகிறது. அவ்வளவுதான், கொலை முடிந்தது. கத்தி, ரத்தம், அலறல் ஒன்றுமில்லை.

அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு மற்ற படங்களுக்குப் போ. 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' (1951) வேற்றுக்கிரகவாசி உலகத்துக்கு எச்சரிக்கை கொடுப்பதற்காக அரை மணி நேரம் மின்சாரத்தையே நிறுத்துவான். அவன் கட்டிடத்தை இடிப்பதில்லை, குண்டு போடுவதில்லை. ஊரின் இரைச்சலை அணைக்கிறான். அதற்கு ஹெர்மனே இசை. தெரமின் என்ற மின்கருவி இரண்டை ஊளையிடவிட்டு வேற்றுக்கிரகத்தையே காதில் கொண்டுவந்தார். ஆம்பர்சன்ஸ் விவகாரத்துக்குப் பிறகும் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியம்.

'ஐ வாண்ட் டு லிவ்!' (1958) மரண தண்டனை பற்றிய படம். 1955-இல் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் விஷவாயு அறையில் கொல்லப்பட்ட பார்பரா கிரஹாம் என்ற பெண்ணின் கதை. அந்த அறையைச் சரியாகக் காட்ட வேண்டும் என்று வைஸ் அதே சிறையில் ஒரு நிஜ தண்டனையை நேரில் போய்ப் பார்த்தார். முழுக்க ஜாஸ் இசை. கடைசியில், அவளுக்காக எழுதிய பத்திரிகையாளர் சிறைக்கு வெளியே வருகிறார். கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு கலைகின்றன. அவர் காதுக்கருவி போட்டுக்கொள்கிறவர். அதைத் திருகி அணைக்கிறார். படத்தின் சத்தமே அணைந்துபோகிறது. பார்பராவாக நடித்த சூசன் ஹேவார்டுக்கு ஆஸ்கார் கிடைத்த படம் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அந்தக் காதுக்கருவிதான் படம்.

'தி செட்-அப்' (1949) பற்றி உனக்குத் தனியாகவே எழுத வேண்டும். வயதாகிப்போன குத்துச்சண்டைக்காரன் ஸ்டோக்கர். ராபர்ட் ரயன் நடித்தது. கல்லூரியில் நிஜமாகவே குத்துச்சண்டை போட்டவர். 'என் ஆள் தோற்பான்' என்று மேனேஜர் ரவுடியிடம் பணம் வாங்கிவிட்டான். எப்படியும் தோற்கப்போகிறவன்தானே என்று சண்டைக்கு முன்னால் ஸ்டோக்கரிடம் அதைச் சொல்லவே இல்லை. அவனோ ஜெயித்துவிடுகிறான். படம் 72 நிமிடம், கதையும் 72 நிமிடம். தொடக்கத்தில் தெருக் கடிகாரம் ஒன்பது மணி தாண்டி ஐந்து நிமிடம் காட்டும். அங்கிருந்து நேரம் தாவவே தாவாது. பின்னணி இசை என்று தனியாக எதுவும் இல்லை. பக்கத்துக் கடையிலிருந்தும் நடன அரங்கத்திலிருந்தும் கசியும் பாட்டு, மணி, கூட்டத்தின் கூச்சல், குத்து விழும் சத்தம் மட்டும். கூட்டத்தில் கண் தெரியாத ஒருவர் இருப்பார். பக்கத்தில் இருப்பவர் சண்டையைச் சொல்லச் சொல்ல, அவரே எல்லோரையும்விட வெறியோடு கத்துவார். இன்னொருவர் சண்டை பார்க்க வந்த இடத்தில் ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருப்பார். ரிங்குக்குள் ஒரு மனிதன் சாகக் கிடக்க, சுற்றி இருப்பவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை இந்த இருவரை வைத்தே சொல்லிவிட்டார். வைஸ் எடுத்ததிலேயே எனக்கு இதுதான் முதலிடம்.

பெரிய வெற்றிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவை உனக்கே தெரியும். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) படத்துக்கு நடன இயக்குநர் ஜெரோம் ராபின்ஸும் கூட்டு இயக்குநர். செலவும் நாளும் எகிறுகிறது என்று பாதியில் அவரை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இயக்கத்துக்கான ஆஸ்கார் இருவர் பெயரிலும் வந்தது; மொத்தம் 10 ஆஸ்கார். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) முதலில் வில்லியம் வைலர் எடுக்க வேண்டியது. அவர் விலகிக்கொள்ள, இவரிடம் வந்தது. இரண்டுக்கும் தொடக்கத்தை அடுத்தடுத்து வைத்துப் பார். ஒன்றில் வானத்திலிருந்து நேர் கீழாக மன்ஹாட்டன், எங்கிருந்தோ விசில் சத்தம். மற்றதில் ஆல்ப்ஸ் மலை, வெறும் காற்று, பிறகு பறவை, பிறகு மெல்ல இசை. மூன்று மணி நேரப் பாட்டுப் படத்தைக் காற்றின் சத்தத்தில் தொடங்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? பாவம், அந்த ஷாட்டில் ஹெலிகாப்டர் ஒவ்வொரு முறையும் கிளப்பிய காற்றில் ஜூலி ஆண்ட்ரூஸ் புல்லில் விழுந்து விழுந்து எழுந்தார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இங்கிலாந்தில் போய்க் கறுப்பு வெள்ளையில் எடுத்ததுதான் 'தி ஹாண்டிங்' (1963). பனாவிஷன் நிறுவனத்திடம் ஒரு 30 மி.மீ. லென்ஸ் இருந்தது. இன்னும் முழுசாகத் தயாராகவில்லை, பிம்பத்தை வளைக்கிறது என்று தர மறுத்தார்கள். எனக்கு வளைவதுதான் வேண்டும் என்று, குறை தெரிந்தே வாங்கிக்கொள்கிறேன் என எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். வீடே மூச்சு விடுவது போலக் கதவு உப்பி அடங்கும் காட்சிக்கு ஒட்டுப்பலகையில் கதவு செய்து பின்னாலிருந்து ஆளை விட்டுத் தள்ளவைத்தார். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ராத்திரி கதவைத் தட்டும் அந்த இடி போன்ற சத்தத்தை முன்பே பதிவு செய்து படப்பிடிப்பிலேயே ஓடவிட்டார். நடிகைகளின் முகத்தில் தெரியும் பயம் அதற்கான பயம். உன் பேய்ப் படத்தில் பேய் மேக்கப்புக்கு எவ்வளவு செலவழித்தாய் என்று கேட்கமாட்டேன்.

எல்லாப் படத்துக்கும் இந்தக் காது சூத்திரம் பொருந்தும் என்று நினைத்துக்கொள்ளாதே. 'தி சாண்ட் பெபிள்ஸ்' பெரிய படம், நல்ல படம், ஆனால் அதில் ஸ்டீவ் மெக்வீனின் முகம்தான் வேலை செய்கிறது. 'தி ஹிண்டன்பர்க்' எனக்குப் பொறுமையைச் சோதித்தது.

1968-இல் ஜூலி ஆண்ட்ரூஸை வைத்தே எடுத்த 'ஸ்டார்!' படுத்துவிட்டது. ஸ்டூடியோ என்ன செய்தது தெரியுமா? ஏறக்குறைய மூன்று மணி நேரப் படத்தை இரண்டு மணி நேரமாக வெட்டி, பெயரையும் மாற்றி மறுபடி வெளியிட்டது. அப்போதும் ஓடவில்லை. ஆம்பர்சன்ஸை வெட்டிய கை, தன் படம் வெட்டுப்படுவதைப் பார்த்தது. அந்தச் சமயத்தில் அவர் வெல்ஸை நினைத்தாரா என்று கேட்க எனக்கு ஆசை.

1979-இல் 'ஸ்டார் ட்ரெக்'. டிசம்பர் 7 என்று வெளியீட்டுத் தேதியை முன்கூட்டியே விற்றுவிட்டார்கள். விண்வெளிக் காட்சிகள் கடைசி நேரத்தில்தான் வந்து சேர்ந்தன. முன்னோட்டக் காட்சி போட்டுப் பார்த்துத் திருத்த நாளே இல்லை. ஒரு எடிட்டருக்கு அதைவிடக் கொடுமை என்ன? அரைகுறையாகத்தான் வெளியானது, ஆனாலும் வசூலித்தது. கிட்டத்தட்ட 22 வருடம் கழித்து, 2001-இல், எண்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தவர் சின்ன வயதுக்காரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அதை மறுபடி தொகுத்தார். சில இடங்களை வெட்டினார், சில காட்சிகளைச் சேர்த்தார், ஒலியைப் புதிதாகக் கலந்தார். அது இயக்குநர் பதிப்பாக டிவிடியில் வந்தது. 2005-இல், 91 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.

உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் உன் படங்களைக் கண்ணால் மட்டும் பார்த்திருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது, நீயே இன்னும் உன் முத்திரை எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றும் தோன்றுகிறது. மூன்று படத்தை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது? உன் காமெடியில் அந்தப் பாட்டி பேசி முடித்ததும் ஃபேன் சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருந்தாயே, அது தெரிந்து செய்ததா, எடிட்டர் கை தவறி விட்டதா? அதற்கு மட்டும் பதில் எழுது.

முதலில் 'தி செட்-அப்' பார். ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்.

அன்புடன்,
அண்ணன்