மீன் குஞ்சுக்கும் பூர்வீகம் கேட்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடி பக்கம் சாக்கோட்டை ஒன்றியத்தில் 40 சென்ட் பண்ணைக்குட்டையில் ஐந்து வருடமாக மீன் வளர்க்கிறேன். எங்கள் பக்கத்துத் தண்ணீர் நிலவரம் உங்களுக்குத் தெரியும். கார்த்திகை மழையில் நிறைகிற குட்டை சித்திரை வெயிலில் வற்றிவிடும். அந்த ஐந்தாறு மாதத்துக்குள் வளராத மீன் நஷ்டக் கணக்குதான்.

போன பங்குனியில் வலை இழுத்தோம். எல்லாம் ரோகு என்று சொல்லிக் கொடுத்த குஞ்சுகள், ஆக்சிஜன் பைகளில் வாங்கி வந்து ஒரே நாளில் விட்டவை. தராசில் ஒன்று 700 கிராம், அதற்குப் பக்கத்தில் கிடந்தது 150 கிராம். சிலவற்றுக்கு உடம்பு ரோகு மாதிரி, தலை மட்டும் கட்லா மாதிரி பெருத்திருந்தது. நாலைந்துக்கு வால் பக்கம் முதுகெலும்பே வளைந்திருந்தது. வாங்க வந்த வியாபாரி, "என்னண்ணே, ரெண்டுங்கெட்டானா இருக்கு" என்று கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துவிட்டார். குஞ்சு கொடுத்த பொரிப்பகத்தில் கேட்டால் தீனி போதவில்லை என்கிறார்கள். தீனி குறைந்தால் மீன் இளைக்கும், சரி. தலையுமா மாறும்?

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. ஒரு கிலோ தாய் ரோகு சுமார் இரண்டு லட்சம் முட்டை இடும். கொஞ்சம் தாய் மீன்களை வைத்தே சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் குஞ்சு கொடுத்துவிடலாம். அப்புறம் அந்தக் குஞ்சுகளிலிருந்தே அடுத்த தாய் மீனை எடுப்பார்கள். நாலு தலைமுறையில் அண்ணன் தங்கைக்குள்ளேயே சம்பந்தம்! அப்படிப் பிறக்கும் குஞ்சு சரியாக வளராது, உடம்பில் ஊனமும் வரலாம். போதாததற்கு, ஒரே தொட்டியில் கட்லாவையும் ரோகுவையும் சேர்த்து முட்டையிட விட்டால் இரண்டும் கலந்துவிடும்.

புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1992-ல் நார்வே விஞ்ஞானிகளோடு சேர்ந்து இதற்கு நேர்மாறாகச் செய்தது. கங்கை, யமுனை, கோமதி, சட்லஜ், பிரம்மபுத்திரா ஆற்று ரோகுகளோடு பண்ணை ரோகுவையும் சேர்த்து, குடும்பம் குடும்பமாகத் தனியே வளர்த்து, ஒவ்வொரு மீனுக்கும் அடையாளச் சில்லு வைத்து, நன்றாக வளர்ந்தவற்றையே அடுத்த தலைமுறைக்கு எடுத்தார்கள். தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. அதுதான் 1997-ல் வந்த ஜெயந்தி ரோகு. மரபணுவை வெட்டி ஒட்டிய மீன் இல்லை. இதை என் அத்தைக்குச் சொல்லிப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது.

சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை வாங்கப் போகிறவர் சுழி பார்ப்பார், தாய்மாடு எது என்று கேட்பார், எந்தக் காளைக்குப் பிறந்தது என்றும் கேட்பார். மீன் குஞ்சு வாங்கும்போது நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: ஆயிரம் என்ன விலை?

பொரிப்பகங்கள் தாய் மீனை எங்கிருந்து, எந்த வருடம் கொண்டுவந்தன என்பதை ரசீதில் எழுதித் தர மீன்வளத் துறை உத்தரவிட வேண்டும். வெவ்வேறு ஊர்ப் பொரிப்பகங்கள் ஆண் மீன்களை மாற்றிக்கொள்ளவும் ஏற்பாடு செய்யலாம், அதற்குப் பெரிய செலவில்லை. ஜெயந்தி குஞ்சு ஐப்பசிக்குள் காரைக்குடியிலேயே கிடைத்தால் ரொம்ப உதவியாக இருக்கும். இப்போது என் கையில் இருக்கும் ரசீதில் "ரோகு – 1,200" என்று மட்டும்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
குட்டை மீன் வளர்ப்பவர்,
சாக்கோட்டை ஒன்றியம், சிவகங்கை மாவட்டம்