நொய்யல் கரைப் பாதையில் கிடக்கும் துணிக்கழிவு குறித்து

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருப்பூரில் நொய்யல் கரைப் பாதையின் நிலை தாங்கள் அறியாததல்ல என்பதால், கடந்த ஞாயிறு காலை எங்களுக்கு நேர்ந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வாரத்தில் ஆறு நாளும் பனியன் கம்பெனியில் கழியும் எனக்கும் மனைவிக்கும், எங்கள் ஒன்பது வயது மகள் சைக்கிளில் முன்னே செல்ல, பின்னால் நடந்துபோகும் அந்த ஒரு மணி நேரமே அவளோடு கிடைப்பது. அன்று பாதையில் அவிழ்ந்து கிடந்த கட்டிங் வேஸ்ட் மூட்டையிலிருந்து நீளமான துணித்துண்டு ஒன்று பின்சக்கரத்தில் சுற்றிச் செயினுக்குள் இறுக, சைக்கிளோடு விழுந்தாள். சிராய்த்த முழங்காலில், முந்தின இரவு யாரோ எரித்த துணியின் சாம்பல் அப்பியிருந்தது. பத்தடி தூரத்தில் ஆறு ஓடியது. நாங்கள் குடிதண்ணீர் பாட்டிலைத்தான் திறந்தோம். “ஆத்துத் தண்ணியில கழுவக் கூடாதாப்பா?” என்று அவள் கேட்டபோது, வண்டிச் சாவியால் செயினை நெம்பிக்கொண்டே பேச்சை மாற்றினேன்.

பாதையிலுள்ள துணிக்கழிவை முழுவதுமாக அகற்றி, இரவில் மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போகும் ‘குட்டியானை’ வண்டிகள் நுழையாதபடி இரு முனைகளிலும் தடுப்புக் கம்பங்கள் நடவேண்டும் என்பதே என் கோரிக்கை. ‘குப்பை கொட்டாதீர்’ என்ற தங்கள் பலகை இருக்கத்தான் செய்கிறது. மூட்டைகள் சரியாமல் சாய்த்து அடுக்குவதற்கு அது மிகவும் உதவியாக உள்ளது.

இத்தொழிலில்தான் எனக்கும் சோறு. அதைக் குறை சொல்ல வரவில்லை. இதே நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்க் குட்டையானதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு ஊர் திகைத்து நின்றதையும் பார்த்தவர்கள் நாங்கள். சாயக்கழிவு நீரில் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று விதி வைத்து, அதற்காகக் கோடிக்கணக்கில் செலவழிக்கும் ஊரில், நான்கு இரும்புக் கம்பங்களுக்கு மட்டும் நிதி இல்லை என்றால் யார்தான் நம்புவார்கள்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளவும். கழிவை அகற்றுங்கள், கம்பங்களை நடுங்கள். சைக்கிள் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விடுங்கள். முழு ஆண்டு விடுமுறை தொடங்கும் முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கரையோரத்தில் குடியிருக்கும் ஒரு தந்தை